மேய்ப்பருக்கும் கணக்கு உண்டு: வாசகர் கேள்வி – பதில்

சபையை நடத்துகிறவர்களும் சபையில் நடத்தப்படுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. எங்கள் பதில் குழுவில் போதகர்களும் உண்டு, சபைக் கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதமே ஆன ஒரு தம்பி அருமையாகப் பேசுகிறார். இளைஞர் ஐக்கியத்தை அவரிடமே ஒப்படைத்துவிடலாம் என்கிறார் போதகர். சபையை நடத்தும் மூப்பர்களில் எனக்கு மட்டும் தயக்கம். நான் தடையாக இருக்கிறேனா?

இல்லை. உங்கள் தயக்கத்துக்கு வேத ஆதாரமே இருக்கிறது. கண்காணியாகிறவர், அதாவது சபையை மேற்பார்க்கும் தலைவர், ‘நூதன சீஷனாயிருக்கக்கூடாது’ (புதிதாக விசுவாசத்துக்கு வந்தவராக இருக்கக் கூடாது) என்கிறது 1 தீமோத்தேயு 3:6. இறுமாப்படைந்து விழுந்துவிடக் கூடாது என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். அதாவது, இந்த விதி அந்தத் தம்பியைக் காப்பதற்காகத்தான். அதே அதிகாரத்தில் உள்ள தகுதிகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். போதிக்கும் ஆற்றல் ஒன்றைத் தவிர ஏறக்குறைய எல்லாமே குணமும் நடத்தையும்தான்: நிதானம், பண ஆசை இல்லாமை, சண்டை பண்ணாமை, வீட்டை நடத்தும் விதம், வெளியாரிடம் நற்சாட்சி. மேடையில் தெரிவது அந்த ஒன்று மட்டுமே. மற்றவை தெரிய நாளாகும்.

325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபை ஆயர்களின் சங்கமும், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களை உடனே ஆயராகவோ மூப்பராகவோ ஆக்கக் கூடாது என்று தன் இரண்டாம் விதியில் எழுதி வைத்தது. விலக்கும் உண்டு. 374-இல் மிலான் நகரத்தார் ஞானஸ்நானமே பெறாத ஆளுநர் அம்புரோசை ஆயராகத் தெரிந்துகொண்டார்கள், அவரும் பேர்பெற்ற ஆயரானார். ஆனால் ஓர் அம்புரோசை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் வழி வகுக்க முடியாது.

‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், மாற்று வழியும் சொல்லுங்கள். அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாக அவரை ஓராண்டு வைக்கலாம். முதல் ஆறு மாதம் மைக் இல்லாத வேலையைக் கொடுங்கள்: நோயாளிகளைப் பார்க்கப் போவது, கூட்டம் முடிந்தபின் இடத்தை ஒழுங்குபடுத்துவது, வராமல்போனவரை விசாரிப்பது. ஒரு சின்னத் தவறைத் தனியாகச் சுட்டிக்காட்டிப் பாருங்கள். அடுத்த வாரம் திருத்திக்கொண்டு வருகிறாரா, நாலு பேரிடம் குறைப்படுகிறாரா என்பதில் நிறைய தெரிந்துவிடும். அதன்பின் பொறுப்பைக் கொடுக்கும்போதும் ‘ஓராண்டுக்கு’ என்று எழுதிக் கொடுங்கள். பட்டத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சோதிக்கப் போனால் திரும்ப வாங்குவது அவமானமாகிவிடும். அந்தக் காயத்தோடு சபையை விட்டே போகிறவர்கள் உண்டு.

கேள்வி: காணிக்கைக் கணக்கைக் கேட்டால் ‘அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே’ என்று பதில் வருகிறது. கணக்குக் கேட்பது பாவமா?

பாவமல்ல. அந்த வசனம் சங்கீதம் 105:15. முன்பின் வசனங்களையும் சேர்த்துப் படித்தால், கொஞ்சம் பேராய், பரதேசிகளாய் நாடுநாடாகத் திரிந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யக் கூடாது என்பதே அதன் பொருள் என்று விளங்கும். பலமில்லாதவர்களைக் காத்த வசனத்தைப் பலமுள்ளவர் கேடயமாகப் பிடிப்பது முறையல்ல. ‘கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்’ என்று சொல்லித் தாவீது சவுலின்மேல் கைபோடவில்லை, மெய்தான். ஆனால் அதே 1 சாமுவேல் 24-இல், சவுல் செய்தது அநியாயம் என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்டானே!

பணத்தில் பவுல் நடந்துகொண்ட விதம் 2 கொரிந்தியர் 8-இல் இருக்கிறது. எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணத்தை அவர் தனி ஆளாகக் கையாளவில்லை. அந்த வேலைக்குத் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்களை அனுப்புகிறார். அவர்களில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர், பவுல் வைத்த ஆள் அல்ல. காரணத்தையும் சொல்கிறார்: ஒருவரும் குற்றப்படுத்த இடம் இருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும். அப்போஸ்தலனுக்கே அது தேவைப்பட்டதென்றால் இன்றைய போதகருக்கு மட்டும் எப்படித் தேவையில்லாமல் போகும்?

நடைமுறைக்கு வருவோம். காணிக்கையை ஆராதனை முடிந்த உடனே, அதே கட்டடத்தில், உறவினரல்லாத இரண்டு பேர் எண்ண வேண்டும். கணவன் மனைவியோ அண்ணன் தம்பியோ கூடாது. போதகர் எண்ணவே கூடாது; அவர்மேல் சந்தேகம் வராமலிருக்க அதுவே நல்லது. நோட்டு வாரியாக, நாணய வாரியாகத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். நகல் ஒன்று பொருளாளரிடம், இன்னொன்று மூப்பர்களில் ஒருவரிடம். பணம் முழுவதும் சபையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் அடுத்த வேலைநாளிலேயே போய்ச் சேர வேண்டும். ‘இதிலிருந்து எடுத்து அந்தச் செலவைப் பார்த்துவிட்டு மீதியைக் கட்டிவிடலாம்’ என்று ஆரம்பிக்கும் இடத்தில்தான் கணக்கு முதலில் கெடுகிறது. அப்படி எடுக்கிற பெரும்பாலானோர் திருடர்கள் அல்ல, அவசரத்தில் இருப்பவர்கள். ஆனால் ஓராண்டு கழித்து எது செலவு, எது களவு என்று அவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பவர் இருந்தால், இருக்கும் கையெழுத்து ஒன்றுதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். விதவைகளுக்கு என்று கொடுத்ததைக் கட்டட நிதிக்குத் திருப்பக் கூடாது. போதகரின் சம்பளத்தை மூப்பர்கள் தீர்மானிக்கட்டும், அந்தப் பேச்சு நடக்கும்போது அவர் அறையில் இருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைச் சபையார் பார்க்கும்படி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை சபைக்கு வெளியே உள்ள ஒருவரைக் கொண்டு தணிக்கை செய்யுங்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். ஆராதனை நடுவே எழுந்து கேட்காதீர்கள். எழுத்தில், மூப்பர் குழுவுக்கு, ‘கடந்த ஆண்டின் வரவு செலவு அறிக்கையைப் பார்க்க விரும்புகிறோம்’ என்று இரண்டு மூன்று பேராகக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் தலைவர்மேல் ஒரு பெண் புகார் சொல்கிறார். மத்தேயு 18-இன்படி முதலில் அவரிடம் தனியாகப் போய்ப் பேசச் சொன்னோம். சரிதானே?

தவறு. உடனே நிறுத்துங்கள். மத்தேயு 18:15 சகோதரனுக்கும் சகோதரனுக்கும் நடுவே வரும் குற்றத்தைப் பற்றியது. அதிகாரத்தில் இருப்பவரால் பாதிக்கப்பட்டவரை அவரிடமே தனியாக அனுப்புவது, மறுபடியும் அதே கையில் ஒப்புக்கொடுப்பதாகும்.

மூப்பர்மேல் வரும் புகாருக்கு 1 தீமோத்தேயு 5:19-21 தனி வழி வைத்திருக்கிறது. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் பிராதை ஏற்றுக்கொள்ளக் கூடாது, மெய்யென்று தெரிந்தால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும், பட்சபாதம் கூடாது. இதில் முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டு ‘சாட்சி இல்லை, போங்கள்’ என்று கதவைச் சாத்துகிறவர்கள் அதிகம். மூடிய அறையில் நடந்ததற்குக் கண்ணால் கண்ட சாட்சி எங்கிருந்து வரும்? செய்திகள், தேதிகள், இதேபோல் முன்பு சொன்ன வேறொருவர், அன்றே அந்தப் பெண் யாரிடமாவது சொன்னது எல்லாம் விசாரணையில் எடைபோட வேண்டியவை. விசாரிக்காமலே தள்ளிவிட இந்த வசனம் இடம் கொடுக்கவில்லை.

அந்தப் பெண் சொன்னதை அவர் சொற்களிலேயே, தேதியோடு, அன்றே எழுதி வையுங்கள். கூட இருக்க அவருக்கு நம்பிக்கையான ஒரு பெண்ணை அவரே தெரிந்துகொள்ளட்டும். விசாரணை முடியும்வரை தலைவர் எல்லாப் பொறுப்பிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். அது தண்டனை அல்ல என்று சபைக்கும் சொல்லுங்கள். விசாரிப்பவர்கள் அவருடைய நண்பர்களாகவோ அவரால் நியமிக்கப்பட்டவர்களாகவோ இருக்கக் கூடாது, சபைக்கு வெளியே இருந்து ஆள் வரட்டும். ‘யாரிடமும் சொல்லாதே, சுவிசேஷத்துக்கு அவப்பெயர்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குற்றம் என்று சட்டம் சொல்லும் எதுவும், குறிப்பாகக் குழந்தைகள் சம்பந்தப்பட்டது, சபைக்குள் தீர்த்துக்கொள்ளும் விஷயமே அல்ல. முதலில் காவல்துறை, விசாரணையும் அவர்கள் கையில்தான்.

கேள்வி: எனக்கு வந்த வேலையை ஏற்க வேண்டாம், இன்னாரை மணக்க வேண்டாம் என்று கர்த்தர் தமக்கு வெளிப்படுத்தியதாகப் போதகர் சொல்கிறார். எபிரெயர் 13:17-இன்படி நான் கீழ்ப்படிய வேண்டுமா?

‘உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்’ என்னும் அந்த வசனம் மெய்யானது. ஆத்துமாக்களுக்காகக் கணக்கு ஒப்புவிக்கிறவர்களாக விழித்திருக்கும் தலைவர்களைப் பற்றியது அது. அவர் வேத வசனத்தைப் போதிக்கும்போதும், கண்கூடான பாவத்தை எச்சரிக்கும்போதும் செவிகொடுங்கள். வேலையும் விவாகமும் வேறு. 1 கொரிந்தியர் 7:25-இல் விவாகத்தைப் பற்றிப் பேசும்போது பவுல், கர்த்தரிடத்தில் தமக்குக் கட்டளை இல்லை, தம் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன் என்று பிரித்தே சொல்கிறார். உங்கள் போதகரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “ஐயா, இது வேதத்தின் கட்டளையா, உங்கள் ஆலோசனையா?” ஆலோசனை என்றால் நன்றி சொல்லி யோசித்து நீங்களே முடிவெடுங்கள். இந்தக் கேள்விக்கே கோபம் வந்தால், இன்னொரு மூத்த ஊழியரிடமும் கலந்து பேசுங்கள்.

கேள்வி: ஒருவர் என்னிடம் அழுது அறிக்கையிட்டதைப் பெயர் சொல்லாமல் ஜெபக்குறிப்பாகக் கொடுக்கலாமா?

கூடாது. சிறிய சபையில் ‘ஒரு சகோதரர், மூன்று பிள்ளைகள்’ என்றாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஜெபம் வேண்டுமென்றால் அவரிடமே அனுமதி கேளுங்கள். உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்றால் மட்டும் நிலைமை வேறு. ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே ‘அப்படி ஏதாவது இருந்தால் நான் மற்றவரிடம் சொல்லியாக வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தன (குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடுதல்) இரகசியத்துக்கு விலக்கே இல்லை. அது அந்தப் பாவசங்கீர்த்தனத்துக்கே உரிய தனிச் சட்டம். மற்றபடி ஆலோசனை சொல்லும் நம் எல்லாருக்கும் மேலே சொன்னதுதான் முறை.

கேள்வி: 120 குடும்பங்கள், ஒரே போதகர். அடக்கம், கல்யாணம், ஆஸ்பத்திரி, கட்டட வேலை எல்லாம் அவர்தான். களைத்துப்போகிறார், யாரிடமும் கொடுக்கவும் மாட்டேன் என்கிறார்.

மோசேயிடம் அவன் மாமன் எத்திரோ சொன்னதை அவருக்குக் காட்டுங்கள் (யாத்திராகமம் 18). “நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்” என்கிறார். தலைவர் மட்டுமல்ல, காலைமுதல் சாயங்காலம்வரை காத்து நின்ற ஜனமும் களைத்தது. 1000, 100, 50, 10 பேருக்குத் தலைவர்களை வைக்கச் சொன்னார், பெரிய காரியம் மட்டும் மோசேயிடம் வரட்டும் என்றார்.

அப்போஸ்தலர் 6-ஐயும் சேர்த்துப் படியுங்கள். கிரேக்க மொழி பேசும் விதவைகள் பந்தியில் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு. தெரிந்தெடுத்தது சபையார், கைகளை வைத்தது அப்போஸ்தலர். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்ட பக்கத்தாரின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்ததுபோல் தெரிகிறது. முறுமுறுப்பவர்களைத் தூரத்தில் வைக்கும் நம் பழக்கத்துக்கு நேர் எதிர்!

அவர் இரண்டு வாரம் தாம் செய்யும் வேலை அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதட்டும். பிரசங்கம், போதனை, ஜெபம், கடினமான ஆலோசனை இவற்றை அவரே வைத்துக்கொள்ளட்டும். கட்டடம், கணக்கு, வண்டி, மண்டப ஏற்பாடு அவருடையவை அல்ல. குடும்பங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தால் பத்துப் பேர் போதும்; மாதம் ஒருமுறை வீட்டுச் சந்திப்பை அவர்கள் பார்ப்பார்கள். வேலையைக் கொடுக்கும்போது அதற்குரிய முடிவெடுக்கும் உரிமையையும் செலவு வரம்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காததால்தான் எல்லாம் மறுபடி அவர் மேசைக்கே வந்து ‘என்னைவிட்டால் ஆளில்லை’ என்ற பேச்சாகிறது.

கேள்வி: ஓய்வுபெறப்போகும் போதகர் தம் மகனையே அடுத்தவராக வைக்க விரும்புகிறார். தவறா?

மகன் என்பதால் தகுதி போய்விடாது, வந்துவிடவும் செய்யாது. சாமுவேல் தன் குமாரரை நியாயாதிபதிகளாக்கினான். அவர்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள், ஜனம் ராஜாவைக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று (1 சாமுவேல் 8). மோசேக்கு இரண்டு குமாரர் இருந்தும், அவனுக்குப்பின் வந்தது யோசுவா. எண்ணாகமம் 27-இல் மோசே, தான் உயிரோடிருக்கும்போதே, ஆசாரியனுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக யோசுவாமேல் கைகளை வைத்து, தன் கனத்தில் கொஞ்சம் கொடுக்கிறான்.

ஆகவே தெரிந்தெடுக்கும் குழுவில் தகப்பனும் இருக்கக் கூடாது, குடும்பத்தாரும் இருக்கக் கூடாது. மகனோடு குறைந்தது இன்னும் இரண்டு பேரையாவது அதே கேள்விகளோடு பாருங்கள், முடிவை இரகசிய வாக்கெடுப்பில் எடுங்கள். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே தொடங்கினால் நல்லது. கடைசி ஓராண்டில் புதியவர் மூப்பர் கூட்டத்தை நடத்தட்டும், பழையவர் பக்கத்தில் உட்காரட்டும். ஒப்படைத்தபின் பழையவர் ஆறு மாதமாவது வேறு சபையில் ஆராதிப்பது நல்லது. கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் சபையார் அவரைத்தான் கூப்பிடுவார்கள். “புதிய போதகரிடம் கேளுங்கள், அவர் அழைத்தால் வருகிறேன்” என்று அவரே சொல்லிவிட வேண்டும்.