ஒரே நேரத்தில் இருபது ஏவுகணைகளும் ட்ரோன்களும் தாக்க வந்தால் போர்க்கப்பல் என்ன செய்யும்?

கேள்வி: ரேடார் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பார்க்குமே சார், அப்புறம் ஏன் கடைசி நிமிஷப் பதற்றம்?

பதில்: உயரத்தில் வருவதைத்தான் அவ்வளவு தூரம் பார்க்கும். கடலை ஒட்டி வருவதைப் பூமியின் வளைவு மறைத்துவிடும். ரேடார் 16 மீட்டர் உயரத்தில், ஏவுகணை அலைக்கு மேலே 4 மீட்டரில் என்று வையுங்கள். கண்ணில் படுவதே சுமார் 25 கிலோமீட்டரில். அது விநாடிக்கு 300 மீட்டர் வந்தால், உங்கள் கையில் 80 விநாடி சொச்சம். அதற்குள் எதிரிதானா என்று பார்த்து, அதை வீழ்த்தும் ஏவுகணையை ஏவி, தவறினால் மறுபடியும் ஏவ வேண்டும். மேலே ரேடார் விமானம் பறந்தால் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

கேள்வி: மலிவு ட்ரோனுக்கு 20 லட்சம் டாலர் ஏவுகணையா? கட்டுப்படியாகுமா?

பதில்: காப்பது ஏறக்குறைய 200 கோடி டாலர் கப்பலையும் அதிலுள்ள முன்னூறு பேரையும், அதனால் காசுக் கணக்கு என்னை உறுத்துவதில்லை. கையிருப்புதான் உறுத்துகிறது. அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகைக் கப்பலில் 90 அல்லது 96 ஏவுகுழாய்கள். அதிலும் ஒரு பங்கு டோமஹாக் போன்ற தாக்குதல் ஏவுகணைகளுக்குப் போய்விடும். தீர்ந்தால் துறைமுகம் திரும்பி கிரேன் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். நடுக்கடலில் நிரப்பும் முறையை அமெரிக்கா 2024 அக்டோபரில்தான் சோசின் கப்பலில் சோதித்தது. அதனால்தான் ஒரே குழாயில் நான்கு அடங்கும் சிறு ஏவுகணைகளுக்கு மவுசு. மெதுவாக வரும் ட்ரோனுக்குப் பீரங்கியே போதும். செங்கடலில் அமெரிக்கக் கப்பல்கள் அப்படியும் சுட்டன.

கேள்வி: நிமிடத்துக்கு 4,500 குண்டு சுடும் ஃபேலன்க்ஸ் தானியங்கித் துப்பாக்கி இருக்கே?

பதில்: வீடியோவில் பிரமாதமாக இருக்கும். உள்ளே இருப்பது சுமார் 1,550 குண்டு. விடாமல் சுட்டால் இருபது விநாடியில் காலி. 2024 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் கிரேவ்லி கப்பலை நெருங்கிய, ஏமனின் ஹௌதி படையினர் ஏவிய ஏவுகணையை அதுதான் வீழ்த்தியது, ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தில். பலர் கைதட்டினார்கள். அவ்வளவு கிட்டே எப்படி வரவிட்டார்கள் என்றுதான் நான் கேட்பேன். அந்த நெருக்கத்தில் சிதறும் துண்டுகளே கப்பலைப் பதம் பார்க்கும்.

கேள்வி: சுடாமலே திசைதிருப்ப முடியாதா?

பதில்: முடியும். ஏவுகணையின் ரேடாரைக் குழப்பும் மின்னணு நெரிசல், உலோக இழைகளைத் தூவும் சாஃப், கப்பல்போல் ரேடாருக்குத் தோன்றி காற்றில் மிதந்து செல்லும் நல்கா ராக்கெட் எல்லாம் உண்டு. ஆனால் ஏமாந்த ஏவுகணை எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரில், பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் சாஃபில் ஏமாந்த எக்ஸோசெட் என்ற கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள், அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலைத் தாக்கின. 12 பேர் இறந்தார்கள்.

கேள்வி: லேசர் வந்தால் பிரச்சினை தீருமா?

பதில்: ஒரு நேரத்தில் ஒரு இலக்கு, அதையும் சில விநாடி பிடித்து வைத்திருக்க வேண்டும். மூடுபனி வந்தால் பலம் குறையும். ட்ரோனுக்குச் சரி, வேகமான ஏவுகணைக்கு இப்போதைக்கு நம்பமாட்டேன்.

கேள்வி: இவ்வளவு அவசரத்தில் ஆள் மாறிச் சுட்டுவிட மாட்டார்களா?

பதில்: சுட்டிருக்கிறார்கள். 2024 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் கப்பல் தன் அணியின் எஃப்-18 விமானத்தையே வீழ்த்தியது. விமானத்தில் இருந்த இருவரும் குதித்துத் தப்பினார்கள். தயங்கினாலும் ஆபத்து: 1987இல் அமெரிக்காவின் ஸ்டார்க் கப்பல் ஒரு குண்டுகூடச் சுடாமல் இரண்டு எக்ஸோசெட்களிடம் அடி வாங்கியது, 37 பேர் பலி.