ரேஸ் காருக்குச் சமம் என்றால் எதில் சமம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் கொப்பரை வியாபாரம் செய்கிறேன். வாரம் இரண்டு முறையாவது பொள்ளாச்சி, கோவை போய்வர வேண்டும். பி.ஒய்.டி. சீல் எலக்ட்ரிக் கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. நூறு கிலோமீட்டர் வேகத்தை 5.9 விநாடியில் தொடும் பிரீமியம் வகை போதும் என்பது என் எண்ணம். தங்கை மகனோ 3.8 விநாடியில் தொடும் பெர்ஃபாமன்ஸ் வகைதான் வேண்டும், “அது ரேஸ் காருக்குச் சமம் மாமா” என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கூடுதல் பணம் கொடுக்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம், பிரீமியத்தையே வாங்குங்கள். 2024 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமானபோது இவற்றின் ஷோரூம் விலை 45.55 லட்சம், 53 லட்சம். இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள், இடைவெளி சிறியதல்ல.

பையன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஃபார்முலா 1 கார் நூறைத் தொட ஏறத்தாழ 2.6 விநாடி ஆகிறது. உங்கள் 3.8 அதற்குப் பக்கத்தில் நிற்பதுபோலத்தான் தெரியும். ஆனால் புறப்படும் நேரத்தில் பந்தயம் இன்ஜினுக்கும் இன்ஜினுக்கும் இடையே நடப்பதில்லை. டயருக்கும் தரைக்கும் இடையே நடக்கிறது. சாலையில் ஓடும் நல்ல டயர் ஏறக்குறைய வண்டியின் எடை அளவுக்குத்தான் தரையைப் பற்றும். அந்தப் பிடிப்பு முழுவதையும் பயன்படுத்தினாலும் நூறைத் தொட 2.8 விநாடி ஆகும். எத்தனை குதிரைசக்தி இருந்தாலும் மிச்சமெல்லாம் சக்கரத்தை வீணாகச் சுழற்றத்தான் உதவும். ஃபார்முலா 1 காரில் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே விசை போகிறது; பெர்ஃபாமன்ஸில் நான்குக்கும் போகிறது. அதனால்தான் இரண்டு டன்னைத் தாண்டிய குடும்பக் கார் ஒன்றால் இவ்வளவு நெருங்க முடிகிறது.

நூறுக்கு மேல் கதையே வேறு. சுமார் 800 கிலோ எடைக்கு ஆயிரம் குதிரைசக்தி உள்ள ஃபார்முலா 1 கார் ஐந்து விநாடி வாக்கில் 200ஐத் தாண்டிவிடும். சீல் 180லேயே நின்றுவிடும். அதைவிடப் பெரிய வேறுபாடு பிரேக்கிலும் வளைவிலும் இருக்கிறது. ஃபார்முலா 1 ஓட்டுநரின் உடல் எடையைப்போல் நான்கைந்து மடங்கு விசை அவரை முன்னும் பக்கவாட்டிலும் இழுக்கும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கியவர். நேர்ச்சாலையில் நீங்கள் வாங்கப்போகும் பிரீமியமே அதை எளிதில் முந்திவிடும். வளைவு என்று வந்தால்தான் அந்தச் சின்ன வண்டியின் அருமை தெரியும். பந்தயம் நடக்கும் நாளில் பையனை அங்கே அழைத்துப்போங்கள். ஓடி முடித்த வண்டியின் கோடுகளற்ற டயரை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன்: வெயிலில் இளகிய தார்போல மினுமினுக்கும், ஓடுதளத்துச் சிறுகற்களும் ரப்பர்த் துணுக்குகளும் அப்பிக்கிடக்கும். ரேஸ் கார் என்றால் என்ன என்பதை அந்த டயர் சொல்லிவிடும்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் மாணவர்கள் தாங்களே செய்த எலக்ட்ரிக் காரில் 2023இல் 0.956 விநாடியில் நூறைத் தொட்டதையும் பையன் சொல்லக்கூடும். அந்த வண்டி 140 கிலோதான், தரையோடு தன்னை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் உண்டு. இன்னொன்று: அமெரிக்காவில் விளம்பரமாகும் சில எண்களில், வண்டி முதல் ஓரடி நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓடவிடுகிறார்கள். கால் விநாடி அதிலேயே குறைந்துவிடும். எண்ணைக் கேட்டால் எப்படி அளந்தது என்றும் கேளுங்கள்.

உங்கள் தேவை லாரியை முந்துவது. 60இலிருந்து 90க்குப் போக, சராசரிக் கணக்கில், இரண்டு வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.6 விநாடி. அதற்காக ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை 650இலிருந்து 580 கிலோமீட்டராகக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நிறுவனமே தரும் கணக்கு இது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வீசும்போது, இரண்டுமே சொன்ன தூரம் ஓடாது.

கேள்வி: ஊருக்கு வெளியே நேர்ச்சாலை காலியாக இருக்கும் நேரத்தில் நண்பனின் காரோடு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதில் தவறா என்றும் அவன் கேட்கிறான்.

பதில்: தவறுதான். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்கீழ் குற்றம், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. காலியாகத் தெரியும் அந்தச் சாலையில்தான் விடியற்காலையில் பால்காரர் கேனோடு குறுக்கே திரும்புகிறார். வண்டி வந்ததும் நீங்களே பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டாரோடு, 40இலிருந்து 80 வரை ஏற்றிக்காட்டுங்கள். பின்சீட்டில் இருக்கும் உங்கள் தங்கை என்ன சொல்கிறார் என்று அவன் கேட்கட்டும்.