3 ஸ்பீடு ஹப்: மேடும் ஏறணும், வேகமும் போகக்கூடாது

சைக்கிளின் பின் சக்கர மையத்துக்குள்ளேயே மூன்று கியர் உள்ள ஹப் உங்களுடையது. மேடு ஏறுவதற்காகப் பின் பல்சக்கரத்தை (ஸ்ப்ராக்கெட்) 18 பல்லிலிருந்து 22-க்கு மாற்றினீர்கள், இப்போது சமதளத்தில் வேகம் போதவில்லை என்கிறீர்கள். பழைய 18 பல் ஸ்ப்ராக்கெட்டையே திரும்பப் போடுங்கள். முன்னால் இருக்கும் 46 பல் செயின்ரிங்குடன் (பெடல் பக்கப் பல்சக்கரம்) 34 பல் செயின்ரிங் ஒன்றைச் சேருங்கள். பின்னால் 22 பல் போட்டதால்தான் மேடு ஏறுகிறது, சமதளத்தில் வேகம் விழுகிறது.

ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ ஹப்பின் உள்விகிதங்கள் 75, 100, 133 சதவீதம். ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் மூன்றும் சேர்ந்தே இறங்கும், வீச்சு (மிகச் சிறிய கியருக்கும் மிகப் பெரிய கியருக்கும் உள்ள விகிதம்) அதிகரிக்காது. இரட்டை செயின்ரிங்கில் அது 178-லிருந்து 240 சதவீதமாகும்.

முதலில் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் சரி. பிரேக் பிடித்தால் அது கோஸ்டர் ஹப், இந்த வேலையே வேண்டாம்! பின்னால் மிதிக்கும்போது செயினின் கீழ்ப்பக்கம் விறைத்து டென்ஷனரை (தொய்ந்த செயினை இழுத்துப் பிடிக்கும் கருவி) உடைத்துவிடும், பிரேக்கும் கைவிடும்.

1. 34-க்கு இறங்கினால் செயின் சுமார் 76 மி.மீ. மிஞ்சும். ஒற்றை உருளை டென்ஷனர் பெரும்பாலும் போதாது. இரண்டு உருளையுள்ள பழைய பின் டீரெய்லரை (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) மாட்டுங்கள்.
2. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் 3/32 அங்குல அகலத்தில் இருக்கட்டும். 1/8 செயின் முன் டீரெய்லரில் ஒழுங்காக மாறாது.
3. செயின் நீளத்தை 46-இல் வைத்தே அளந்து வெட்டுங்கள்.

34-இல் ஹப்புக்குப் போகும் முறுக்குவிசை 35 சதவீதம் கூடும். முதல் கியரில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் பால்களும் (pawl, பிடித்துச் சுழற்றும் சிறு கொக்கிகள்) பினியன்களும் (சிறு பல்சக்கரங்கள்) பாவம்.