முன்பணம் கொடுத்து, ஆதாரை வாங்கி வைத்துக்கொண்டு ஆள் வைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 82 வயது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு, சேலம் சூரமங்கலத்தில் தன் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். ஆடி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கிறார். நான் புனேயில் இருக்கிறேன், அக்கா ஆத்தூரில். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினோம். ஏற்காட்டில் நாகலூருக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து 18 வயதுப் பெண்ணை அனுப்புவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். சம்பளம் மாதம் 18,000 ரூபாய், அதை அவரிடமே கொடுத்துவிட வேண்டுமாம். பெண்ணின் குடும்பக் கடனுக்காக 40,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். "இரண்டு வருடம் எங்கேயும் போக மாட்டாள், அசல் ஆதாரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். இப்படித் தங்குகிறவர்கள் கடைசியில் வீட்டையே எழுதி வாங்கிவிடுவார்கள் என்று அக்கா பயப்படுகிறார். எப்படிப்பட்ட ஆளைத் தேர்ந்தெடுப்பது? ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

பதில்: வருகிறவரிடமிருந்து அப்பாவை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பகீரென்றது வேறு இடம். ஏஜென்ட் சொன்னபடி நீங்கள் செய்தால், அந்தப் பெண் ஒரு தவறும் செய்வதற்கு முன்பே குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்.

முன்பணத்திலிருந்து தொடங்குகிறேன். கொத்தடிமை என்றதும் செங்கல் சூளையும் கல் குவாரியும்தான் நம் நினைவுக்கு வரும். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தில் சூளை, குவாரி என்ற வரம்பு எதுவும் இல்லை. வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ விட்டுக்கொடுக்க நேர்ந்தால் அது கொத்தடிமை முறை. அது சூரமங்கலத்தில் மொசைக் தரை போட்ட வீட்டிலும் நடக்கலாம். "இரண்டு வருடம் எங்கேயும் போக மாட்டாள்" என்ற ஏஜென்டின் வாசகம் ஏறக்குறைய அந்தச் சட்டத்தின் விளக்கவுரை. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை. அப்படி எழுதிக்கொண்ட ஒப்பந்தம் செல்லாது, கொடுத்த கடனும் சட்டப்படி அழிந்துபோகும். பெண் ஒரே வாரத்தில் போய்விட்டால் 40,000 ரூபாயைக் கேட்டு எந்த நீதிமன்றப் படியும் ஏற முடியாது.

ஏற்காட்டு மலைக்கிராமம் என்கிறீர்கள். அவர் மலையாளிப் பழங்குடியினராக (கேரளத்து மலையாளிகள் அல்ல) இருக்க வாய்ப்பு அதிகம். சேலம் மாவட்டத்தில் அவர்கள் பட்டியல் பழங்குடியினர். நீங்கள் அந்தச் சமூகத்தவராக இல்லாவிட்டால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கூடச் சேர்ந்துகொள்ளும். கட்டாய வேலையும் கொத்தடிமை வேலையும் அதில் தனிக் குற்றங்கள்.

அசல் ஆதாரைத் தொடவே வேண்டாம். நகல் போதும். பீரோவுக்குள் இன்னொருவருடைய அசல் அட்டை இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பல்ல, உங்களுக்கு எதிரான சாட்சியம்.

அடுத்தது வயது. "18" என்று ஏஜென்ட் சொன்னால், நான் 16 என்று கேட்டுக்கொள்வேன், தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. ஆதாரில் உள்ள பிறந்த தேதி வயதுக்கு உறுதியான சான்று ஆகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கேளுங்கள். 14 வயதுக்குக் கீழே இருந்தால், வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. 18 நிறையாதவரை வேலைக்காகக் கட்டிப்போட்டு வைத்தாலோ, அவர் சம்பாத்தியத்தை அவரிடம் கொடுக்காமல் நிறுத்தினாலோ, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. சம்பளம் ஏஜென்ட் கைக்குப் போகும் ஏற்பாடு இங்கேதான் உதைக்கிறது.

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்று கேட்கிறேன். இடுப்பில் பிளேட் வைத்த 82 வயது ஆண். இரவில் இரண்டு முறையாவது எழுப்பி உட்கார வைக்க வேண்டும், குளிக்க வைக்க வேண்டும். இதற்கு 18 வயதுப் பெண் எப்படிப் பொருந்துவார்? தூக்குவதற்குத் தோள் வேண்டும், தனியாக இருக்கும் வீட்டில் இரண்டு பேருக்கும் கூச்சமில்லாத நிலை வேண்டும். 35, 40 வயதுக்கு மேற்பட்ட ஓர் ஆண் உதவியாளரைத் தேடுங்கள். சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பகலில் வந்து போகட்டும். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது போன்ற வேலை இருந்தால், செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர்தான் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் உண்மையான செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆயா வேலைக்கு வந்தவரை இன்சுலின் போடச் சொல்லாதீர்கள்.

ஆள் மலையிலிருந்துதான் வரப்போகிறார் என்றால், ஒரு நாள் ஒதுக்கி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம், அதையும் செய்யுங்கள். ஆனால் வழக்கு எதுவும் இல்லை என்பதற்கு மேல் அந்தக் காகிதம் ஒன்றும் சொல்லாது. அவர் தன் வீட்டுப் பெரியவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பது திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். நவம்பரில் தொடங்கும் காபி பறிப்புக் காலத்தில் குடும்பத்தில் எல்லாரும் தோட்டத்துக்குப் போவார்கள். அப்போது ஊருக்குப் போக வேண்டியிருக்குமா, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எத்தனை நாள் விடுப்பு வேண்டும் என்று அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஆள் போய்விட்டார் என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டதே இல்லை.

ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஏஜென்டோடு ஒன்று: அவருக்கு உரிய சேவைக் கட்டணம் எவ்வளவு, ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள், தராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார், ரசீது. அவர் ஏமாற்றினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பணியாளர் மீது அங்கே போக முடியாது. நேரடியாக ஒருவர் இன்னொருவருக்குக் கீழ் செய்யும் வேலை அந்தச் சட்டத்தின் வரம்பில் இல்லை.

பணியாளரோடு இன்னொன்று, தமிழில், அவருக்குப் படித்துக் காட்டி எழுதுங்கள். என்ன வேலை என்பதைவிட என்ன வேலை இல்லை என்பதை எழுதுவதுதான் சண்டையைத் தவிர்க்கும். அக்கா பிள்ளைகளோடு விடுமுறைக்கு வந்தால் பத்துப் பேருக்குச் சமைப்பது அவர் வேலையா? எழுதுங்கள். தூங்கும் நேரம், படுக்கும் இடம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வது, இரு தரப்புக்கும் பதினைந்து நாள் முன்னறிவிப்பு. சம்பளம் அவருடைய வங்கிக் கணக்கில். தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டு வேலைக்கும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது, அதற்குக் கீழே போகக் கூடாது. வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. அதில் பதிந்துகொள்ள அவருக்கு உதவுங்கள்.

எத்தனை அழகாக எழுதினாலும், வேலை செய்யப் பிடிக்காதவரை "இருந்துதான் ஆக வேண்டும்" என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல், எழுந்திருக்க முடியாதவரைக் கட்டிலில் விட்டுவிட்டு வேண்டுமென்றே போய்விட்டால் கதை வேறு. நோயாலோ உடல் பலவீனத்தாலோ தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாதவரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, வேண்டுமென்றே கைவிடுவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 357ஆம் பிரிவில் குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கறிஞர்களிலேயே பலர் மறந்துபோன பிரிவு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் இதை எளிதில் நிரூபிக்க முடியும்.

திருட்டுப் பயம் எல்லாருக்கும் உண்டு. பணியாளர் முதலாளியின் பொருளைத் திருடினால் அதே சன்ஹிதாவின் 306ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நான் பார்த்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். பாட்டியின் வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி காணவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அம்மாவை அறையில் வைத்துப் பூட்டி, மகன் நாலு மணி நேரம் விசாரித்தார். மறுநாள் தலையணை உறையை வெளுக்க எடுத்தபோது, உள்ளே பழைய சுருக்குப்பையில் கொலுசு, கூடவே மூன்று பிஸ்கட், ஒரு பஸ் டிக்கெட். மறதி நோயில் பாட்டியே ஒளித்து வைத்தது. பூட்டி வைத்ததற்காக மகன்தான் என்னிடம் ஓடி வந்தார். அது சட்டவிரோத அடைத்துவைப்பு, ஓராண்டு வரை சிறை. எனவே ஆள் வருவதற்கு முன்பே நகைகளை லாக்கருக்கு அனுப்புங்கள். வீட்டில் இருப்பதைப் படம் எடுத்து, எடை போட்டு, பட்டியலில் அவரும் நீங்களும் கையெழுத்திடுங்கள். அந்தப் பட்டியல் அவரையும் காப்பாற்றும்.

ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்து "மருந்து வாங்கி வா" என்று அனுப்புவதை நிறுத்த வேண்டும். ரகசிய எண்ணை நாமே பகிர்ந்துவிட்டால், வங்கியிடம் புகார் செய்யும் வரை போன பணம் முழுக்க நம் கணக்கு என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு அறிவிப்பு. செலவுக்கு ஒரு தொகை ரொக்கமாகக் கொடுத்து, நாற்பது பக்க நோட்டு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்த நேரம், சிறுநீர் போன நேரம், காய்கறிக்கு ஆன காசு எல்லாம் அதில் வரட்டும். கூடத்தில் கேமரா வைக்கலாம், அவரிடம் சொல்லிவிட்டு. அவர் படுக்கும் இடத்திலும் குளியலறையிலும் கூடாது. உடை மாற்றும் பெண் அதில் பதிவானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாத சிறை.

இனி அக்காவின் பயம். காவலாளி, பணியாளர், பார்த்துக்கொள்பவர் என்று வீட்டில் இருப்பவருக்கு, எத்தனை ஆண்டு தங்கினாலும் அந்தச் சொத்தில் உரிமை பிறக்காது. கேட்டதும் காலி செய்ய வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எழுதி வாங்கினால்? முதுமையாலோ நோயாலோ மனம் தளர்ந்தவரைத் தன் பிடியில் வைத்திருப்பவர் எழுதி வாங்கியது நியாயமற்ற தாக்கத்தின் விளைவு என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் எதிர்க்கலாம். கவனித்துக்கொள்வதாகச் சொல்லி, அந்த நிபந்தனையின் பேரில் எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ரத்து செய்யலாம். அந்தப் பிரிவு பணியாளருக்கு மட்டுமல்ல, பெற்ற பிள்ளைகளுக்கும் பொருந்தும். என்னிடம் வருபவை பெரும்பாலும் பிள்ளைகள் எழுதி வாங்கிய பத்திரங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் அக்காவுக்கு நிம்மதி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அது அப்பாவின் வீடு. தெளிந்த மனத்தோடு, தன் சொந்தச் சம்பாத்தியத்தை அவர் யாருக்கு எழுதினாலும் தடுக்க உங்கள் இருவருக்கும் உரிமை இல்லை.

உங்கள் கடிதத்தில் அப்பா எதையும் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. யாரைக் குளிப்பாட்ட விடுவது என்பதை அவரிடம் கேளுங்கள். ஒப்பந்தத்தில் அமர்த்துபவராக அவர் பெயரே இருக்கட்டும், நீங்கள் சாட்சியாகக் கையெழுத்திடுங்கள்.

40,000 ரூபாயை ஏஜென்டிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், அந்தப் பெண் மலையிறங்குவதற்கு முன்பே, ஆள் வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று ஏஜென்டுக்கு இன்றே வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். பணத்தை அவரிடம் மட்டும் கேளுங்கள், பெண்ணின் குடும்பத்திடம் கேட்கக் கூடாது.