அமெரிக்க மாநிலத் தலைநகரம் ஏன் பெரும்பாலும் பெரிய நகரமாக இருப்பதில்லை?

மாநிலத் தலைநகரம் என்றால் ஆளுநரும் சட்டமன்றமும் இருக்கும் ஊர், அவ்வளவுதான். மக்கள்தொகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 50 மாநிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் தலைநகரமே மிகப்பெரிய நகரமும்கூட.

காரணம் பயணம். பெரும்பாலான தலைநகரங்கள் முடிவான காலத்தில் குதிரையும் படகும்தான் வாகனம். கல்யாண மண்டபத்தை இரு வீட்டாருக்கும் நடுவில் பார்ப்பது போல, எல்லா மூலையிலிருந்தும் உறுப்பினர்கள் வந்து சேரத் தோதான இடத்தைத் தேடினார்கள். துறைமுக வணிகர்கள்மேல் உள்நாட்டு விவசாயிகளுக்கு இருந்த சந்தேகமும் சேர்ந்துகொண்டது. தென் கரோலினாவை எடுத்துக்கொள்ளுங்கள்: கடலோரச் சார்ல்ஸ்டனை விட்டு, மாநிலத்தின் நடுவே கொலம்பியா என்ற ஊரைப் புதிதாகவே உருவாக்க 1786இல் சட்டம் போட்டார்கள்.

மாணவர்கள் சறுக்குவது தலைநகரங்களின் அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்யும்போது. முதலில் ஆறுகளை வரையுங்கள். ஹட்சன் ஆற்றில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி, சஸ்குவெஹானா ஆற்றில் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க், சாக்ரமென்டோ ஆற்றில் அதே பெயருள்ள கலிஃபோர்னியத் தலைநகரம் என்று புள்ளி வையுங்கள். பெயரை விட இடம்தான் மனதில் நிற்கும்.

'ஃபுளோரிடாவின் டலஹாசி வடக்கு மூலையில் கிடக்கிறதே, நடுவில் என்ற கணக்கு பொய்யா?' என்று பலர் கேட்பதுண்டு. 1824இல் அது தேர்வானபோது தெற்கே மயாமி என்ற நகரமே கிடையாது. முக்கிய ஊர்களான பென்சகோலாவுக்கும் செயின்ட் அகஸ்டினுக்கும் டலஹாசிதான் இடைப்பட்ட இடம்.