பழைய வாட்சுக்கு எண்ணெய் விடலாமா?

வணக்கம். 1950களில் செய்த சின்னஞ்சிறு பெண்கள் கைக்கடிகாரம் ஒன்று வாங்கியிருக்கிறேன். சாவி கொடுக்கும் வாட்ச். டயல் மேலே பார்த்துக் கிடந்தால் ஓடுகிறது, கையில் கட்டினால் நின்றுவிடுகிறது. ஓடும்போதும் மணிக்கு இரண்டு நிமிடம் முந்துகிறது. சாவியை அதிகமாகக் கொடுத்துக் கெடுத்துவிட்டேனோ? பின்மூடியைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விடலாமா? முட்களில் பழுப்பேறிய ஒளிப்பூச்சைச் சுரண்டிவிட்டு, டயலையும் புதிதாக அச்சிட நினைக்கிறேன்.
– கே.

அன்புள்ள கே.,

எண்ணெய் விடாதீர்கள். உள்ளே இருக்கும் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகி, தூசியோடும் உலோகத்தூளோடும் சேர்ந்து அரைக்கும் பசையாகியிருக்கும். மேலே விடும் எண்ணெய் அதை இளக்கி எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும். ஹேர்ஸ்பிரிங்கில் (வாட்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மயிரிழைச் சுருளில்) துளி பட்டாலே சுருள்கள் ஒட்டிக்கொள்ளும். அப்போது ஸ்பிரிங் நீளம் குறைந்ததுபோல் ஆகி வாட்ச் முந்தும். காந்தம் ஏறினாலும் இதே விளைவுதான். ஆகவே முதலில் காந்தத்தை நீக்கும் கருவியான டீமேக்னடைசரில் காட்டுங்கள். பொத்தானை அழுத்தியபடியே வாட்சை மெல்ல ஒரு கை தூரம் விலக்கி, அப்புறம்தான் பொத்தானை விட வேண்டும். அருகில் இருக்கும்போதே விட்டால் காந்தம் அப்படியே தங்கிவிடும்.

சாவி கொடுத்ததால் எதுவும் கெடவில்லை. சாவி கொடுக்கும்போது சுருளும் மெயின்ஸ்பிரிங் இறுகியும் வாட்ச் ஓடாவிட்டால், விசை பேலன்ஸுக்கு, அதாவது முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்துக்கு, போய்ச் சேரவில்லை என்றே பொருள். படுத்த நிலையில் பேலன்ஸ் அச்சு தன் முனையில் மட்டும் சுழலும். நிமிர்த்தினால் பக்கவாட்டில் உரசும், உராய்வு கூடும். அழுக்கேறிய வாட்ச் அங்கேதான் நிற்கும். சுத்தம் செய்த பிறகும் நின்றால் பேலன்ஸ் அச்சின் முனைகளை லென்ஸில் பாருங்கள். சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான் அவை. அதிர்வுதாங்கி இல்லாத வாட்ச் ஒருமுறை விழுந்தாலே அவை வளையும், ஒடியும்.

கழற்றும்முன் மெயின்ஸ்பிரிங்கின் விசையை இறக்கியே ஆகவேண்டும். சாவி கொடுக்கும் குமிழை விரலில் பிடித்துச் சற்றே முறுக்கி, ஸ்பிரிங் பின்னால் அவிழாமல் தடுக்கும் கொக்கியான கிளிக்கை ஊசிமுனையால் விலக்கி, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சுழல விடுங்கள். இதைச் செய்யாமல், சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் கவையான பாலட் ஃபோர்க்கை எடுத்தால் சக்கரங்கள் வெறிபிடித்துச் சுழன்று அச்சுமுனைகள் ஒடிந்துபோகும். சாவி கொடுக்கும்போது சுழலும் கிரவுன் வீலின் திருகு பல வாட்சுகளில் இடப்புரி, அதாவது கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். தலையில் மூன்று கோடு இருந்தால் அது இடப்புரிக்கான அடையாளம். வராத திருகை வலுவாகத் திருப்பாதீர்கள்.

பாலட் ஃபோர்க்கின் கற்களையும் பேலன்ஸின் கல்லையும் பிடித்துவைத்திருப்பது அரக்கு. ஆல்கஹாலில் ஊறினால் அரக்கு கரைந்து கல் கழன்றுவிடும். அவற்றுக்குச் சுத்தமான லைட்டர் ஃப்ளூயிட் போதும். எண்ணெய் படிந்த ஹேர்ஸ்பிரிங்குக்கும் அதுவே. அச்சுமுனைகளைத் தாங்கும் கற்களான ஜூவல்களின் ஓட்டைகளைக் கூராகச் சீவிய மரக்குச்சியால், நுனி அழுக்கில்லாமல் வரும்வரை துடையுங்கள்.

எண்ணெய் இதற்குப் பிறகுதான். பேலன்ஸின் முனைகளுக்கும், பாலட் ஃபோர்க்கை ஆட்டும் எஸ்கேப் வீலின் முனைகளுக்கும் மோபியஸ் 9010 போன்ற மெல்லிய வாட்ச் எண்ணெய். மெதுவாகச் சுழலும் சென்டர் வீலுக்குக் கெட்டியானது. ஜூவலின் குழியில் பாதிக்குமேல் நிரப்பினால் எண்ணெய் வழிந்து ஓடிவிடும், அச்சு வறண்டுபோகும். பாலட் ஃபோர்க்கின் அச்சுமுனைகளுக்கும், எஸ்கேப் வீல் தவிர மற்றச் சக்கரங்களின் பற்களுக்கும் எண்ணெய் கிடையாது.

ஒளிப்பூச்சைச் சுரண்டவே கூடாது. அந்தக் காலத்து வாட்ச் என்பதால் ரேடியமாக இருக்க வாய்ப்பு அதிகம். இருட்டில் ஒளிராததற்குக் காரணம், கூடவே இருந்த துத்தநாக சல்பைடு சிதைந்ததுதான். ரேடியம் அப்படியேதான் இருக்கிறது, அதன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். சுரண்டிய தூள் மூச்சில் போனால் ஆபத்து. முட்களையும் டயலையும் கழற்றும் வேலையை ரேடியத்தைக் கையாளத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

டயலை அச்சிடுவதும் வேண்டாம் என்பேன். ஸ்பிரிங், அச்சு எல்லாவற்றையும் மாற்றலாம், அசல் எழுத்து போனால் போனதுதான். ஈரத்துணியால்கூடத் துடைக்காதீர்கள், மேல்பூச்சோடு எழுத்தும் கையோடு வந்துவிடும்.

பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில், அடித்தட்டில் தயாரிப்பாளர் முத்திரையும் எண்ணும் பெரும்பாலும் பொறித்திருக்கும். மெயின்ஸ்பிரிங்கோ அச்சோ வாங்க அந்த எண் வேண்டும். லென்ஸில் பார்த்துக் குறித்து அனுப்புங்கள், எந்த அளவு பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.