அமத்சியாவின் குறை – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகளும், படுக்கையில் இருக்கும் மாமியாரும் என் பொறுப்பில் இருக்கிறார்கள். சபையில் ஞாயிறு பள்ளி வகுப்பு எடுக்கிறேன். அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில், முழுநேர ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுப்பவர்கள் எழுந்து நிற்கும்படி பிரசங்கியார் அழைத்தார். நான் எழவில்லை. ஆண்டவருக்குப் பாதியைக் கொடுப்பவன் ஒன்றுமே கொடுக்காதவன் என்று அவர் சொன்னது அன்றிலிருந்து என்னை வருத்துகிறது.

முழங்காலிடும்போது முன்பிருந்த கண்ணீரும் ஆறுதலும் இப்போது வருவதில்லை. உதடுகள் ஜெபிக்கின்றன, மனம் வெறுமையாக இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் மேலதிகாரி சொல்வதற்கிணங்க, தாமதமாக வந்த சில பில்களை முன்தேதியிட்டுப் பதிவு செய்கிறேன். எல்லாரும் செய்வதுதான், அதில் என் கைக்கு ஒரு காசும் வருவதில்லை. ஆனால் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்ற கட்டளையைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்த நாளில், அவர்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் வெதுவெதுப்பான விசுவாசிதானா? எல்லாம் சரியாகும்வரை வகுப்பை விட்டுவிடுவதுதான் நேர்மையா? என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டத்தில் எழுந்து நிற்காதது, ஜெபத்தில் உணர்ச்சி வற்றிப்போனது, கணக்கில் முன்தேதி இடுவது ஆகிய மூன்றும் ஒரே குற்றவுணர்வாகத் திரண்டு உங்களை அழுத்துகின்றன என்பது கடிதத்தை வாசிக்கும்போதே தெரிகிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். முதல் இரண்டையும் உங்கள் விசுவாசத்துக்கு எதிரான சாட்சிகளாக நான் ஏற்கமாட்டேன். மூன்றாவதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நீங்களும் அதை அறிந்திருப்பதால்தான், ‘இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்’ என்று கடைசியில் வைத்திருக்கிறீர்கள்.

முழுநேர ஊழியத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அழைப்பை முழு இருதயத்தின் அளவுகோலாக்குவதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. ‘எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்’ என்று கொலோசெயருக்குப் பவுல் எழுதியது அடிமைகளுக்கு. தங்கள் நேரத்தில் ஒரு நாழிகையைக்கூடத் தாங்களே தீர்மானிக்க முடியாதவர்களிடம்தான் மனப்பூர்வமான சேவையைப் பற்றி அவர் பேசினார். யோர்தானில் யோவான்ஸ்நானனிடம் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்ட ஆயக்காரர்களை அவன் சுங்கச்சாவடியை விட்டு வெளியேறச் சொல்லவில்லை; ‘உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்’ என்றான். பிசாசுகளிலிருந்து விடுவிக்கப்பட்ட கதரேனர் நாட்டு மனிதன் இயேசுவோடு வர அனுமதி கேட்டபோது, ஆண்டவரே அவனை அவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். உடன் போனவர்களைப் போலவே, வீட்டுக்கு அனுப்பப்பட்ட அவனும் கீழ்ப்படிந்தவனே. படுக்கையில் இருக்கும் மாமியாரை விட்டுவிட்டு நீங்கள் எழுந்து நின்றிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஜெபத்தின் வறட்சியைப் பற்றி. சங்கீதப் புத்தகத்தில் மிக இருண்டது 88ஆம் சங்கீதம் என்று நினைக்கிறேன். புலம்பலில் தொடங்கும் மற்ற சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவுக்குள் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. ஆனாலும் இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்ற தொடக்க வரியிலிருந்து கடைசிவரை, அந்த மனிதன் பேசுவது கர்த்தரிடம்தான். ஆறுதல் வந்ததாக ஒரு சொல்லும் இல்லை, அவன் தன் முகத்தைக் கர்த்தரிடமிருந்து திருப்பிக்கொண்டதாகவும் ஒரு சொல் இல்லை. அன்னை தெரசா தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய தனிப்பட்ட கடிதங்கள், அவர் 1997இல் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து 2007இல் நூலாக வெளிவந்தபோது, உலகம் திகைத்தது. இடையில் வந்த ஒரு சிறு இடைவெளியைத் தவிர, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலேயே அவர் ஜெபித்தார், உழைத்தார். சிலர் அதை அவிசுவாசத்தின் சான்றாகக் காட்டினார்கள். எனக்கோ அந்தக் கடிதங்கள் உண்மைத்தன்மையின் மிகக் கடினமான வடிவமாகத் தெரிந்தன. அன்பின் இன்பம் திரும்பக் கிடைக்காத நிலையிலும் கொடுத்த வாக்கில் நிலைத்திருப்பது, நெகிழ்ச்சியில் கண்ணீர் விடுவதைவிட ஆழமான ஒப்புக்கொடுத்தல். முழங்காலிடுவதை நீங்கள் இன்னும் நிறுத்தவில்லை என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

இனி கணக்குக்கு வருகிறேன். உங்களைப் போன்ற உழைப்பாளிகளான விசுவாசிகளுக்காகவே எழுதப்பட்டதோ என்று நான் நினைக்கும் ஒரு வசனம் உண்டு. யூதாவின் அரசன் அமத்சியாவைப் பற்றி 2 நாளாகமம் 25ஆம் அதிகாரம் இப்படித் தொடங்குகிறது: அவன் கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழுமனதோடே அப்படிச் செய்யவில்லை. 25 வயதில் அரியணை ஏறி 29 ஆண்டுகள் ஆண்ட ஒருவனின் வாழ்க்கை இந்த ஒரே வரியில் நிறுக்கப்பட்டுவிடுகிறது. அவன் செய்த நன்மைகள் சிறியவை அல்ல. தன் தந்தையைக் கொன்றவர்களைத் தண்டித்தபோதும், நியாயப்பிரமாணத்தை மதித்து அவர்களுடைய பிள்ளைகளை உயிரோடு விட்டான். ஏதோமியரோடு போர் செய்வதற்காக 100 தாலந்து வெள்ளி கொடுத்து இஸ்ரவேலிலிருந்து 1,00,000 வீரர்களை அமர்த்திய பிறகு, அவர்களை அனுப்பிவிடும்படி தேவனுடைய மனுஷன் ஒருவன் வந்து சொன்னபோது, கொடுத்த வெள்ளிக்கு என்ன செய்வது என்று தயங்கினாலும் கடைசியில் கீழ்ப்படிந்தான். நம்மில் எத்தனை பேர் அவ்வளவு பெரிய நஷ்டத்தை ஏற்றுக் கீழ்ப்படிந்திருக்கிறோம்?

அப்படியானால் அவனிடம் இல்லாதது எது? அந்த அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால் அது வெளிப்படுகிறது. போரில் வென்று திரும்பியவன், தோற்றுப்போன ஏதோமியரான சேயீர் புத்திரரின் தெய்வங்களைக் கொண்டுவந்து தனக்குத் தெய்வங்களாக வைத்து அவற்றைப் பணிந்துகொண்டான். அதைக் கண்டிக்க ஒரு தீர்க்கதரிசி வந்தபோது, உன்னை ராஜாவுக்கு ஆலோசனைக்காரனாக ஏற்படுத்தியது யார், பேசாதே என்று வாயை அடைத்தான். முன்பு ஒரு தேவமனுஷனின் சொல்லுக்காக 100 தாலந்தை இழக்கத் துணிந்த அதே அரசன்தான் இவன். அவனுடைய குறை கொடுத்தவற்றின் அளவில் இல்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். எந்தக் காரியத்தில் தேவன் பேசலாம், எந்தக் காரியத்தில் பேசக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமையை அவன் கடைசிவரை தன்னிடமே வைத்துக்கொண்டான். உண்மையுள்ள கணவனோ மனைவியோ தங்கள் உண்மையைப் பங்கு போட்டுக் கணக்கிடுவதில்லை. வாழ்வின் பெரும்பகுதியில் உண்மையாக இருந்தேன் என்று யாராவது தற்பெருமையாகச் சொன்னால், அந்தச் சொல்லே மற்றதைச் சொல்லிவிடும்.

உங்கள் மாதக் கடைசி அப்படியொரு காரியமாகிவிடும் அபாயத்தில் இருக்கிறது. ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் தீர்க்கதரிசியை நீங்கள் வாயடைக்கவில்லை. பிள்ளைகளின் முகம் உங்களிடம் பேச விட்டிருக்கிறீர்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் கண்டிக்கப்படும் லவோதிக்கேயா சபையின் வெதுவெதுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தச் சபை தனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. குறைவை உணர்ந்து உறக்கம் இழப்பவரைப் பற்றியதல்ல அந்தக் கண்டனம்.

என் கைக்கு ஒரு காசும் வருவதில்லை என்பதை மட்டும் ஆறுதலாகக் கொள்ளாதீர்கள். ஒரு பில் எந்த நாளில் வந்தது என்பது ஒரு உண்மை. அந்தக் கணக்கை நம்பி முடிவெடுக்கிறவர்கள், அதாவது முதலீடு செய்தவர், கடன் கொடுத்தவர், வரி விதிக்கும் அரசு ஆகிய அனைவரும், ஒன்பதாம் கட்டளை சொல்லும் ‘பிறன்’ என்பதற்குள் வருகிறார்கள். ‘கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்’ என்று இயேசு சொன்னது, ஓர் எஜமானின் கணக்கைத் திருத்தி எழுதவைத்த உக்கிராணக்காரனின் உவமையை அடுத்துத்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கடன்சீட்டில் நூறு என்றிருந்ததை ஐம்பது என்று எழுதிய கை அங்கே பேசப்படுகிறது.

எல்லாச் சிக்கலும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனி கர்த்தரைத் தவிர வேறு தேவர்களுக்குப் பலியிடமாட்டேன் என்று சொன்ன கையோடு, தன் அரசன் ரிம்மோன் கோவிலில் பணியும்போது அவனைத் தாங்கிக்கொண்டு தானும் குனியவேண்டியிருக்குமே, அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று எலிசாவிடம் கேட்டான். ‘சமாதானத்தோடே போ’ என்பதுதான் எலிசாவின் பதில். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு புது விசுவாசியின் நெருக்கடியை அந்தத் தீர்க்கதரிசி நசுக்கவில்லை. ஆனால் நாகமான் தன் சங்கடத்தை ஒளிக்காமல், தானாகவே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான் என்பதையும், அவன் குனிந்ததால் வேறு எவரும் ஏமாற்றப்படவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். நீங்கள் முதலாவதைச் செய்திருக்கிறீர்கள். இரண்டாவது உங்கள் விஷயத்தில் பொருந்தாது.

என்ன செய்வது என்பதற்குத் தானியேலைப் பாருங்கள். அரச உணவால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று இருதயத்தில் தீர்மானம்பண்ணியவன், அடுத்த கணமே பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டான் என்று வாசிக்கிறோம். உள்ளே அசையாத தீர்மானம், வெளியே பணிவான பேச்சு. மறுப்பு வந்தபோதும் அவன் முறுக்கிக்கொள்ளவில்லை. 10 நாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழியை முன்வைத்தான். நீங்களும் மாதக் கடைசி நெருக்கடி வரும்வரை காத்திருக்காமல், அமைதியான ஒரு நாளில் மேலதிகாரியிடம் பேசுங்கள். தாமதமாக வரும் பில்களை வந்த தேதியிலேயே பதிந்து, எந்த மாதச் செலவு என்பதைக் குறிப்பாகக் காட்டலாம். மாத முடிவில், வராத பில்களுக்கு ஒதுக்கீடு வைக்கும் நேர்மையான முறையும் கணக்கியலில் இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மறுப்பை மட்டும் கொண்டுபோகாமல் அந்த மாற்றையும் கையில் எடுத்துப் போங்கள். அவர் மேல் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். இனி என்னால் இதைச் செய்ய இயலாது என்று உங்களைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். பேசுவதற்கு முன்பு உங்கள் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், விளைவை இருவரும்தான் சுமக்கப்போகிறீர்கள்.

விளைவு நன்மையாகவே இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அரசன் நிறுத்திய சிலையைப் பணிய மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற தானியேலின் தோழர்கள் மூன்று பேரும், தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்று சொன்னதோடு நிறுத்தாமல், விடுவிக்காமற்போனாலும் பணியமாட்டோம் என்றார்கள். நேர்மையாக நடந்தேன், பதவி உயர்வு வந்தது என்ற சாட்சிகளை நம் சபைகள் மேடையேற்றிக் கைதட்டுகின்றன. நேர்மையாக நடந்து வேலை போனவர்கள் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் வீட்டு வாடகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம். விசுவாசிகளை உண்மையாயிருக்கச் சொல்லும் சபை, அதனால் நஷ்டப்பட்டவர்களைத் தாங்கவும் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் ஆயரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

காலேபைப் பற்றியும் சொல்ல வேண்டும். காதேஸ்பர்னேயாவிலிருந்து கானான் நாட்டை வேவு பார்க்க அனுப்பப்பட்டபோது அவனுக்கு 40 வயது. வாக்களிக்கப்பட்ட எப்ரோனைக் கேட்டு யோசுவாவின் முன் நின்றபோது 85. கர்த்தரை உத்தமமாய்ப் பின்பற்றினான் என்று யோசுவா 14ஆம் அதிகாரம் அவனைப் பற்றி மூன்று முறை சொல்கிறது. இடைப்பட்ட 45 ஆண்டுகளில் பெரும்பகுதியை, மற்றவர்களுடைய அவிசுவாசத்தின் காரணமாக அவன் வனாந்தரத்தில் கழித்தான். அந்த ஆண்டுகளில் அவன் தனிப்பட்ட முறையில் செய்ததாக ஒரு செய்தியும் பதிவாகவில்லை. கூடாரத்தைப் பிரித்து, சுமந்து, மறுபடியும் அடித்து, தன் தலைமுறையினரை ஒவ்வொருவராக அடக்கம் செய்துகொண்டிருந்திருப்பான். அந்த நாட்களைத்தான் வேதம் உத்தமம் என்கிறது.

வகுப்பை விடவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் ஆண்டவர், நீ சரியாகும்வரை ஒதுங்கியிரு என்று சொல்லவில்லை. அன்பைப் பற்றி மூன்று முறை கேட்டார், ஒவ்வொரு பதிலுக்கும் மந்தையை அவன் கையில் கொடுத்தார், முதலில் கொடுத்தது ஆட்டுக்குட்டிகளை. ‘நாம் உண்மையற்றவர்களாயிருந்தாலும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்’ என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை நம்பித்தான் நாம் எவரும் ஒரு வகுப்பின் முன் நிற்க முடிகிறது. வகுப்பு எடுப்பதை அலுவலகத்தில் செய்யும் தவறுக்கு ஈடாக்காதீர்கள். அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும் என்று 86ஆம் சங்கீதத்தில் தாவீது கேட்ட ஜெபத்தை, உணர்ச்சி வந்தாலும் வராவிட்டாலும், நீங்களும் கேளுங்கள். மேலதிகாரியிடம் பேசுவதற்கு இந்த மாதம் முடிவதற்குள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு என்ன நடந்தாலும் எனக்கு எழுதுங்கள். நானும் ஜெபத்தில் உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்